பொன்னாடைக்கு முன்னால் ஒரு கொப்பி

திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் 22 வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். மார்ச் 8 மகளிர் தினம், ஜூன் 5 சுற்றாடல் தினம், ஜூலை 26 கண்டல் தினம் (கண்டல் என்றால் கரையோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம்). இந்த மூன்றில் ஒன்று நெருங்கினால் யாராவது போன் எடுப்பார்கள். "ரீச்சர், சுற்றாடலுக்குப் பாடுபட்ட பொம்பிளையள் அஞ்சு பேரைச் சொல்லுங்கோ, கௌரவிக்கப் போறம்." விழாவுக்கு நாலு நாள்தான் இருக்கும்.

முன்பெல்லாம் நானும் பெயர் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை திருகோணமலை நகரில் நடந்த அப்படியொரு விழாவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஆறு பெண்களை நானே கூட்டிக்கொண்டு போனேன். விடிய முதல் பஸ். ஒன்பது மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பிரதம விருந்தினர் வந்தது பதினொன்றரைக்கு. பேச்சுகள் எல்லாம் முடிந்து இவர்களை மேடைக்குக் கூப்பிடும்போது மணி ஒன்றரை. பொன்னாடை போட்டார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். ஆறு பேரில் ஒருவர் கையிலும் ஒலிவாங்கி போகவில்லை. இரண்டு சான்றிதழில் பெயர் பிழை. திரும்பி வரும் வழியில், கிண்ணியாப் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருந்த அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இண்டைக்கு நல்ல வத்து ரீச்சர். மட்டிக்குப் போயிருக்கலாம்." வத்து என்றால் தண்ணீர் வற்றும் நேரம். அப்போதுதான் சேற்றில் மட்டி பொறுக்கலாம்.

அவருடைய ஒருநாள் உழைப்பை நாங்கள் எடுத்துக்கொண்டு கழுத்தில் ஒரு துணியைப் போட்டு அனுப்பியிருந்தோம். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு ஊரிலேயே மூன்று தடவை வேறு விதமாகச் செய்திருக்கிறோம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். காசு பெரிதாக வேண்டாம், நாள் வேண்டும். விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். அந்தப் பெண்கள் சொல்வதை எழுதிவைக்க, முதலில் வாங்க வேண்டியது ஒரு 200 பக்கக் கொப்பி.

யாரைத் தேடுவது

பட்டியல் கேட்டு அலுவலகத்துக்கோ சங்கத் தலைவியிடமோ மட்டும் போனால், போன வருடம் பொன்னாடை வாங்கியவர்களின் பெயர்தான் திரும்ப வரும். கரைக்குப் போங்கள். கொட்டியாரக் குடாவிலும் உல்லைக்கழிக் களப்பிலும் தண்ணீர் வற்றும் நேரம் இடுப்பளவு சேற்றில் நின்று மட்டி பொறுக்குகிறவர்கள், கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் யார் என்று பாருங்கள். வீட்டுத் தோட்டத்தில் பழைய கத்தரி விதையையும் பயற்றை விதையையும் சாம்பல் பூசிப் போத்தலில் போட்டு வைத்திருக்கும் ஆச்சிமார் இருப்பார்கள். வெருகல் பக்கம் காட்டை உள்ளங்கை போல் அறிந்த வேடர் சமூகத்துப் பெண்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் தாங்கள் இயற்கையைப் பாதுகாப்பதாகச் சொல்ல மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது பிழைப்பு. நாளைக்கும் கிடைக்க வேண்டுமே என்ற கவனத்தோடு செய்கிற பிழைப்பு.

இன்னொரு வகைப் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். எதிர்த்துக் கேட்டவர்கள். கண்டல் நட்டவருக்குப் பொன்னாடை போட எல்லோரும் வருவார்கள். ஆற்றில் மணல் அள்ளுவதைப் பற்றி முறைப்பாடு எழுதியவருக்கு, காணியைத் திருப்பித் தா என்று பதாகை பிடித்தவருக்குப் போட ஆள் குறைவு.

எங்கள் பக்கத்துச் சம்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் யுத்தத்தால் சனம் இடம்பெயர்ந்தது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை என்று முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்களுடைய நிலப்பக்கமாகவே 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. 2015இல் 818 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. 2016 செப்டம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டப்படாது என்று அரசு தரப்பு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. வழக்குப் போட்டவர்கள், கட்டுரை எழுதியவர்கள் பெயர்கள் ஆவணத்தில் இருக்கும். முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றுகொண்டே "எங்கட கிணறு அங்க இருக்கு" என்று வருகிற ஒவ்வொரு அதிகாரியிடமும் சொல்லிக்கொண்டிருந்த தாய்மார் பெயர்கள் எங்கே இருக்கின்றன? அவர்களில் பலருக்கு இப்போது 70 தாண்டிவிட்டது. கொப்பியோடு முதலில் அவர்களிடம் போங்கள்.

எப்படிக் கேட்பது

"சுற்றாடலுக்கு நீங்கள் செய்த பங்களிப்பு என்ன?" என்று கேட்டால் "நான் என்னத்தைச் செய்தன் பிள்ளை, ஒண்டும் செய்யேல்ல" என்றுதான் பதில் வரும். நான் நாலு வீட்டில் அப்படிக் கேட்டு, நாலு வீட்டிலும் தேத்தண்ணி குடித்துவிட்டு வெறும் கொப்பியோடு திரும்பி வந்திருக்கிறேன்.

கேள்வியை அவர் வேலைக்குள் இருந்து எடுங்கள். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இந்த இடத்தில் என்ன நின்றது? எதைக் கண்டாலும் எடுக்காமல் விட்டுவிடுவீர்கள்? எந்த மாதத்தில் போக மாட்டீர்கள்? யார் சொல்லித் தந்தது? எப்போது கோபம் வந்தது, யாரிடம் போய்ச் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார்? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் நீளமான பதில் வரும். அந்த நேரத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பிறகு எழுதலாம்.

வீட்டில் கேட்பதைவிட வேலை செய்யும் இடத்தில் கூட நின்று கேட்பது நூறு மடங்கு நல்லது. அந்த பஸ் அக்காவோடு ஒரு விடியற்காலை உல்லைக்கழிக்குப் போனேன். அவர் ஓலைப் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு குந்தியிருந்து சேற்றைத் தடவினார். கைக்கு வந்த மட்டி ஒவ்வொன்றையும் பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். பார்க்கவில்லை, தடவுகிறார். நகத்தளவுக்குச் சின்னதாக இருந்தால் பறிக்குள் போகாது, பின்பக்கமாகச் சேற்றுக்குள் போகும். ஏன் பின்பக்கம் என்று கேட்டேன். "முன்னால போட்டா திரும்ப என்ட கைக்குத்தானே வரும்" என்றார். இந்த ஒரு வசனத்தை எந்த விண்ணப்பப் படிவத்திலும் நிரப்பியிருக்க முடியாது.

அங்கே கரையோரம் கண்டல் நின்றது. முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும் கண்டல் காய் ஒன்றை நான் பிடித்து இழுத்தேன். "இழுக்காதீங்க ரீச்சர்" என்று கையைத் தட்டிவிட்டார். காய்க்கும் மேலே இருக்கிற தொப்பிக்கும் நடுவில் ஒரு கழுத்து இருக்கிறது. அது பச்சையாக இருந்தால் பிள்ளை இன்னும் பால் குடிக்கிறது என்று அர்த்தமாம். கழுத்து நிறம் மாறியதும் லேசாகத் திருகினாலே கையோடு வரும். அதைத்தான் நட வேண்டும், மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போனால் போதும். எங்கே நட வேண்டும் என்று கேட்டதற்கு, தானாக முளைத்த கன்றுகள் நிற்கும் இடத்தைக் கையால் காட்டினார். "அதுகள் நிக்கிற இடம்தான் இடம். மட்டித் திட்டில கொண்டுபோய் நட்டா, கன்றும் சாகும், மட்டியும் போகும்."

சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டில் கண்டல் நடுகை எவ்வளவு நடந்தது என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு அப்படி நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்திருந்தது கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு என்ற மூன்று இடங்களில் மட்டும். பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்ட பிறகு கவனிக்காமல் விட்டதும் காரணங்கள். அந்த அக்கா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புத் தாண்டவில்லை. தண்ணீர் எதுவரை ஏறும், எங்கே சேறு இறுகும் என்று அவர் காலுக்குத் தெரியும். அவரைப் போன்ற ஒருவரை அன்றைக்கு யாராவது கூப்பிட்டுக் கேட்டிருந்தால் எவ்வளவு கன்று மிஞ்சியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. எழுதி முடித்ததும் திரும்பப் போய், அவர் முன்னால் உட்கார்ந்து, மெதுவாக, சத்தமாக வாசியுங்கள். பிழை திருத்தும் உரிமை அவருக்கு உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ரீச்சர் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிடுவார்கள்.

நான் "கண்டலின் கழுத்து மஞ்சளானதும்" என்று எழுதியிருந்தேன். அக்கா கையை உயர்த்தினார். மஞ்சள் இல்லையாம், பழுத்த வேப்பம்பழ நிறமாம். மஞ்சள் என்று எழுதினால் பிள்ளைகள் வாழைப்பழ மஞ்சளுக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் காய் தானாக விழுந்து தண்ணீரோடு போய்விடும் என்றார். அப்படியே மாற்றினேன். எங்கள் பள்ளிக்கூடத்துக் கண்டல் நாற்றுமேடைக்குப் பிள்ளைகள் இப்போது வேப்பம்பழ நிறம் பார்த்துத்தான் காய் எடுக்கிறார்கள்.

அவருடைய சொல்லை உங்கள் சொல்லாக மாற்றாதீர்கள். வத்து என்று சொன்னால் வத்து என்றே எழுதுங்கள். கண்ணா, கிண்ணை, தில்லை என்று மரங்களுக்கு அவர் சொல்லும் பெயர்களை எழுதி, பாடப்புத்தகப் பெயரைப் பக்கத்தில் வேண்டுமானால் போடுங்கள்.

பெயரும் படமும்

பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். கணவர் பெயரோடா, தகப்பன் பெயரோடா, தனிப் பெயராகவா? அடையாள அட்டையில் ஒன்று, ஊரில் கூப்பிடுவது ஒன்று என்று இருக்கும். எங்கள் பக்கத்து முஸ்லிம் ராத்தாமார் சிலர் முகத்தைப் படம் எடுக்க விரும்ப மாட்டார்கள். வற்புறுத்தக் கூடாது. ஒரு ராத்தாவின் கைகளை மட்டும் எடுத்தோம், சிப்பி வெட்டிய தழும்புகளோடு. கண்காட்சியில் அதன் முன்னால்தான் அதிகம் பேர் நின்றார்கள்.

எதிர்த்துக் கேட்ட பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஹொண்டுராஸ் நாட்டில் பெர்த்தா காசெரெஸ் என்ற லென்கா பழங்குடிப் பெண், தங்கள் ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்தார். 2015இல் அவருக்கு கோல்ட்மன் சுற்றாடல் விருது கிடைத்தது. உலகமே பெயர் அறிந்த ஒருவராகிவிட்டார். 2016 மார்ச்சில் அவரை வீட்டுக்குள் புகுந்து சுட்டுக் கொன்றார்கள். விருது ஒருவரைக் காப்பாற்றிவிடாது. எங்கள் ஊரில் மணல் விஷயமாகப் பேசிய ஒரு பெண்ணின் பெயரைச் சுவரொட்டியில் போட முன்னர், அவர் பிள்ளைகள் எந்தப் பாதையால் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கொப்பியில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். காலம் மாறும்போது அவரோ அவர் மகளோ எடுத்துக்கொள்ளட்டும்.

விழா நாள்

நாளைக் குறிக்கும்போது நாட்காட்டியோடு வத்தையும் பாருங்கள். மட்டிக்குப் போகிற நேரத்தில் விழா வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், கோயில் திருவிழா நாளும் வேண்டாம். எங்களுக்குப் பின்னேரம் நாலு மணி சரியாக வந்தது. ஊரிலேயே வையுங்கள். அதிகாரிகளுக்கு வாகனம் இருக்கிறது, அவர்கள் வரட்டும்.

அன்றைய நாட்கூலியை உறையில் போட்டு, வந்தவுடனேயே கையில் கொடுங்கள். கடைசியில் கொடுத்தால் நிகழ்ச்சி முழுக்க இருக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும். கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். முதலில் பேசுவது அந்தப் பெண்கள். விருந்தினர் பேச்சு அவர்களுக்குப் பிறகுதான், ஆளுக்கு ஐந்து நிமிடம். சிங்களம் மட்டும் தெரிந்த உத்தியோகத்தர் வந்தால் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்க ஒருவரை ஒழுங்குசெய்யுங்கள், அவர்கள் சொல்வது அவருக்கு விளங்கத்தானே வேண்டும்.

அப்புறம், கௌரவிக்கப்படுகிற பெண்களே குசினியில் நின்று வடை சுட்டு, பிளேன்ரீ ஊற்றுகிற நிலைமையை நான் பல மகளிர் தினங்களில் கண்டிருக்கிறேன். மாதர் சங்கம் என்றாலே சாப்பாடு அவர்கள் பொறுப்பு என்று ஆகிவிட்டது. அன்றைக்கு ஊர் ஆண்கள் சமைக்கட்டும். எங்கள் ஊரில் கடற்றொழிலாளர் சங்கத்துப் பெடியள் சமைத்தார்கள், நன்றாகவே சமைத்தார்கள். பிளாஸ்ரிக் போத்தல் தண்ணீரும் பிளாஸ்ரிக் பனரும் வேண்டாம். குடத்தில் தண்ணீர், வெள்ளைத் துணியில் பிள்ளைகள் எழுதிய எழுத்து போதும்.

பரிசு என்ன கொடுப்பது? கேட்டுப் பாருங்கள். எங்களிடம் கேட்டது சிப்பி வெட்டாத முழங்கால் பூட்ஸ், தலையில் கட்டும் லைட், ஒருவர் மட்டும் மூக்குக்கண்ணாடி. பொன்னாடைக் காசில் இவை எல்லாம் வந்தன. பொன்னாடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு ஆச்சிக்கு அது வேண்டும் என்றிருந்தது, போட்டோம், அவர் அழுதார், நாங்களும் அழுதோம்.

பள்ளிக்கூடச் சுவரில் படம் வைப்பதானால், உலகம் அறிந்தவர்களையும் ஊர் அறிந்தவர்களையும் ஒரே உயரத்தில், ஒரே அளவில் வையுங்கள். எங்கள் சுவரில் கென்யாவின் வங்காரி மாத்தாய் இருக்கிறார். 1974 மார்ச் 26இல் இந்தியாவின் இமயமலைப் பக்கத்து ரேணி கிராமத்தில், மரம் வெட்ட வந்தவர்களைத் தடுக்க 27 பெண்களோடு மரங்களைக் கட்டிப்பிடித்து நின்ற கௌரா தேவி இருக்கிறார். நாகபட்டினப் பக்கத்தில் இறால் பண்ணைகளால் வயலும் கிணறும் உப்பாவதை எதிர்த்துப் போராடிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இருக்கிறார். அந்தப் போராட்டத்தில் பிறந்த வழக்கில் 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தது. அது கடலுக்கு அந்தப் பக்கத்துக் கரை, நாங்கள் கால் நனைக்கிற அதே கடல். அவருக்குப் பக்கத்தில் அந்தத் தழும்புக் கைகள்.

அதற்குப் பிறகு

விழா முடிந்து கதிரை அடுக்கியதோடு நிறுத்திவிட்டால், இவ்வளவு செய்ததும் பொன்னாடைக் கதைதான்.

வங்காரி மாத்தாய் 1977இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியபோது, நாற்று வளர்த்த கிராமத்துப் பெண்களுக்கு உயிர்பிடித்த ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு. கவனிப்பும் உழைப்புத்தான் என்று அதில் ஒத்துக்கொள்ளப்படுகிறது. 2004இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது பற்றி எல்லோரும் பேசுவார்கள், நான் வகுப்பில் இந்தச் சிறு தொகையைப் பற்றித்தான் பேசுவேன். உங்கள் ஊரில் நடுகைத் திட்டம் ஒன்று வந்தால் இதைக் கேளுங்கள்: நடுகிற நாளுக்கு மட்டுமா கூலி, ஒரு வருடம் பார்த்துக்கொள்பவருக்கும் உண்டா?

அடுத்தது, கொப்பியை முடிவெடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது. தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி பெரிய திட்டம் ஒன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அறிவித்தல் பத்திரிகையில் வரும். அந்தப் பெண்களின் கண்ணில் படாது, உங்கள் கண்ணில் படலாம். அறிக்கையைத் தமிழில் விளங்கப்படுத்தி, அவர்கள் சொல்வதை எழுதி, அவர்களுடைய கையெழுத்தோடு 30 நாளுக்குள் அனுப்புங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் வைக்கலாம். என்ன அனுமதி, யாருக்கு, எவ்வளவு என்ற விவரம் வேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். எழுத வாசிக்கத் தெரிந்த நாங்கள் அவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை இது.

பிரதேச மட்டக் கூட்டங்களுக்கு அவர்களை நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாக ஒருவரை அனுப்ப வேண்டாம். இரண்டு பேராகப் போனால் ஒருவர் தயங்கும்போது மற்றவர் தொடங்குவார். போன வருடம் களப்பு சம்பந்தமான கூட்டம் ஒன்றில் அந்த அக்கா எழும்பி, மட்டித் திட்டில் கன்று நடக் கூடாது என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நடும் இடத்தைத் திரும்பப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

கூட்ட அறிக்கையின் பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்த பிரதியில் "பெண் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்" என்று இருந்தது. அவர் சம்மதம் கேட்டு, முழுப் பெயரும் சொன்ன விஷயமும் சேர்த்துத் திருத்தும்படி அடுத்த நாளே கடிதம் கொடுத்தோம். திருத்தித் தந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கொப்பியில் ஒட்டிவைத்திருக்கிறேன், வேப்பம்பழ நிறத்துக்கு அடுத்த பக்கத்தில்.